இறங்குமேட்டில் யாரும் இறங்கவில்லை

கன்னையாவுக்கு எதையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பிரித்ததை ஒழுங்காகத் திரும்பப் பூட்டிவிடுவான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரித்துப் பார்க்காத பொருளை அவன் நம்பமாட்டான். கல்யாணமான மூன்றாம் நாள், இராஜம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷினை அவன் பாயில் துண்டு துண்டாகப் பரப்பி வைத்திருந்தான். அதைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். சாயங்காலம் அதே மெஷின் பாதிச் சத்தத்தில் ஓடியது. அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அவன் எதையாவது பிரித்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

கன்னையா கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா தண்டவாளம் போட வந்தவர். பதினாறு வயதில் ரயில்வே பட்டறையில் சேர்ந்து பதினேழு வருஷம் வேலை பார்த்தான். ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்தபோது அவனுக்கும் சீட்டு கிழிந்தது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நாமும் போகலாமா என்று அவன் இராஜம்மாவைக் கேட்டான்.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்? நான் பொறந்தது காப்பார்ல" என்றாள் அவள். "கிள்ளானுக்குப் போவோம். எங்க ஆளுங்க பக்கத்துல இருக்காங்க. நீங்க ஒரு பட்டறை போடுங்க, நான் துணி தைக்கிறேன்."

1932இல் கிள்ளானுக்கு வந்தார்கள். யூனுஸ் ராவுத்தர் என்பவர் கடைத்தெருவில் ரொட்டிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கன்னையாவுக்கு வாடகைக்கு விட்டார். சைக்கிள், தண்ணீர் பம்பு, தையல் மெஷின், லோரி என்று வந்ததையெல்லாம் கன்னையா பழுது பார்த்தான். கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையும் குளிக்கத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. அதுதான் வீடு.

யூனுஸ் ராவுத்தர் பருத்த மனிதர். எப்போதும் இஸ்திரி போட்ட கைலி, வெள்ளி சங்கிலியில் கோத்த பாக்கெட் கடிகாரம். ஒருநாள் அவர் கொட்டகைக்குள் வந்து நின்று, "கன்னையா, நம்ம கடையில ரொட்டி தின்னுட்டு எல்லாரும் எங்கேயோ போறான். எவனோ ஒருத்தன் பஸ்ஸுல போறான். அந்த பஸ்ஸு ஏன் என்னோடதா இருக்கக்கூடாது?" என்று கேட்டார்.

அவர் கேட்கும்போதே லோரியை வாங்கியாகிவிட்டிருந்தது. எஸ்டேட் ஒன்றில் ஓடிய பழைய அமெரிக்க லோரி, நாலு சிலிண்டர். அதன்மேல் பஸ் கூடு கட்டச் சீன ஆசாரி ஒருவரைப் பிடித்தார். "எத்தனை வருஷமானாலும் உளுத்துப் போகக்கூடாது" என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார். ஆசாரியும் சொன்னபடியே, படகுத்துறைக்குப் போடும் மரத்தில் கட்டிக் கொடுத்தார். நாலு பேர் சேர்ந்தும் பின்கதவைத் தூக்க முடியவில்லை. பச்சை வண்ணம் அடித்து, மகள் பெயரை நெற்றியில் எழுதினார்: ஆரிஃபா.

ஓட்டுவதற்கு ஜெயராஜ் வந்தான். ஒல்லியான இளைஞன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொடுவான். தற்காலிக அனுமதியில் ஆரிஃபா கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஓட ஆரம்பித்தது.

சமதரையில் பழுதில்லை. ஆனால் பாதி வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஏற்றம் இருந்தது. அந்த ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் ஆரிஃபா முனகும், நடுங்கும், நின்றுவிடும். ஜெயராஜ் தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் இறங்கி நடங்க லா! மேல காத்திருக்கேன்!" என்று கூவுவான். ஒரே மாதத்தில் அந்த இடத்துக்கு 'இறங்குமேடு' என்று பெயராகிவிட்டது. மற்ற பஸ்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே பயணிகளைக் கூப்பிட்டார்கள். "வாங்க, வாங்க, நம்ம பஸ்ஸுல இறங்குமேடு கிடையாது!"

கன்னையா கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். பிளக்கை மாற்றினான். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தான். ஆரிஃபா மேட்டுக்கு வந்ததும் பழையபடி நின்றது. கடைசியில் ஹெட்டைக் கழற்றினான். எஞ்சினின் தலையில் மூடிபோல் உட்கார்ந்திருக்கும் கனத்த வார்ப்பிரும்புத் துண்டு அது. பெட்ரோல் கலந்த காற்று அதற்குள் இருக்கும் நாலு வழிகளில் புகுந்து, வால்வைத் தாண்டி, சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தான். வார்த்தபோது ஒட்டிய மணலின் தடம், முண்டு, முடிச்சு, சுருக்கம். பாகற்காயை உள்பக்கம் திருப்பி வைத்ததுபோல் இருந்தது.

"இதுல மூச்சு விட்டா யாருக்குத்தான் மேடு ஏற முடியும்?" என்றான்.

மூச்சுக் குழாய் பெரிதானால் மூச்சும் பெரிதாக வரும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான். பழைய அரங்களை நெருப்பில் காய்ச்சி வளைத்து, அந்த வழிகளைப் பன்னிரண்டு நாள் அராவினான். எட்டிய இடமெல்லாம் அகலப்படுத்தினான். பிறகு உப்புத்தாள் போட்டு, எண்ணெய் போட்டு, துணியால் துடைத்துத் துடைத்து மினுக்கினான். இராஜம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் குனிந்து பார்த்து, "முகம் பார்த்துப் பொட்டு வச்சுக்கலாம் போல" என்றாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு ஆரிஃபா நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் புறப்பட்டது. கூரையில் இரண்டு காவடி, உள்ளே பால்குடங்கள், ஜன்னல்தோறும் மஞ்சள் துணி. கன்னையா முன்சீட்டில் ஜெயராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சமதரையில் வண்டி பறந்தது. ஜெயராஜ் சிரித்தான், கன்னையாவும் சிரித்தான்.

இறங்குமேட்டின் அடியில் வேகம் குறைந்ததும் சிரிப்பு நின்றது. வேகம் இருக்கும்போது பாய்ந்த எஞ்சின், மெதுவாக இழுக்க வேண்டிய இடத்தில் முன்னைவிட மோசமாக மூச்சு வாங்கியது. கால்வாசி தூரத்தில் வண்டி நின்று, பின்னால் உருளப் பார்த்தது. எல்லாரும் குதித்து இறங்கித் தோள் கொடுத்தார்கள். "வேல்! வேல்!" என்று சத்தம் போட்டு ஆரிஃபாவை மேலே தள்ளினார்கள். வேர்வையோடு ஒரு பெரியவர் கன்னையாவிடம், "தம்பி, மூணு வருஷமா காவடி எடுக்கிறேன். பஸ்ஸை எடுத்தது இதுதான் முதல் தடவை" என்றார்.

திரும்பி வரும்போது நிலைமை இன்னும் கெட்டது. புகைக்குழாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி வந்தது. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஜெயராஜுக்குத் தெரியவில்லை. கன்னையாவுக்குத் தெரிந்தது. கிள்ளானுக்கு ஒரு மைல் இருக்கும்போது எஞ்சின் அடியோடு நின்றது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் இரக்கப்பட்டு, மாடுகளை அவிழ்த்து ஆரிஃபாவின் முன்னால் கட்டினார். அப்படித்தான் அது கடைத்தெருவுக்குள் நுழைந்தது. கடைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். "ராவுத்தர் பஸ்ஸுக்குப் புது எஞ்சின், ரெண்டு கொம்பு வச்சது!" என்று ஒருவன் கத்தினான்.

மறுநாள் காலையில் ஹெட்டைக் கழற்றியபோது அவன் நினைத்தது சரியாக இருந்தது. மூன்றாவது வழியில், அரம் சுவரை மெல்லிசாக்கியிருந்த இடத்தில், வெடிப்பு. சுவருக்கு அந்தப்பக்கம் ஓடும் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கிவிட்டது. ஹெட்டை எடுத்துக்கொண்டு நேராக ரொட்டிக் கடைக்குப் போனான்.

"பாய், வண்டி மேல தப்பு இல்ல. நான்தான் அளவு தெரியாம அராவித் தள்ளிட்டேன். இந்த ஹெட்டு இனி உதவாது."

யூனுஸ் ராவுத்தர் மாவு உருட்டுவதை நிறுத்தவில்லை. இரண்டு உருண்டை உருட்டி முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஊற்றி அவன் முன்னால் வைத்தார்.

"நான் முதமுதல்ல ரொட்டி போட்டப்போ ஒரு மாசம் நாய் தின்னுச்சு" என்றார். "நீ வந்து உன் வாயால சொன்ன. அது போதும். இன்னொரு ஹெட்டு எங்க கிடைக்கும், அதைச் சொல்லு."

சொல்லிவிட்டு மேசைமேல் கிடந்த ஒரு கடிதத்தைத் தள்ளினார். தற்காலிக அனுமதி முடிகிறது. அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் துரை வருவார். வண்டி நிறைய ஆட்களோடு ஆரிஃபா அந்த ஏற்றத்தில், ஒருவரையும் இறக்காமல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கோலாலம்பூர் பாதை கிடையாது. கிள்ளானுக்கும் காப்பாருக்கும் இடையே சமதரையில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். அந்தப் பாதையில் ஏற்கெனவே ஐந்து பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி லோரியின் ஹெட்டு ஒன்று அகப்பட்டது. கன்னையா அதைத் தேய்த்துக் கழுவி மேசைமேல் வைத்தான். அரத்தைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான். நாலு நாள் அப்படியே போயிற்று. எங்கே தொட்டால் நல்லது, எங்கே தொட்டால் கெட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பது இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை இராஜம்மா தொட்டியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மொள்ளும் பால் டின்னில் ஒழுகல். ஓட்டை எங்கே என்று பார்க்க அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, தொட்டித் தண்ணீரில் விட்டாள். டின் தானாக மெல்ல மெல்ல இறங்கியது. அடியிலிருந்த ஓட்டை வழியாகக் காற்று சீறிக்கொண்டு வெளியே வந்து அவள் கன்னத்தில் பட்டது.

"இங்க பாருங்க, இது பெருமூச்சு விடுது" என்று சிரித்தாள்.

பல் விளக்கிக்கொண்டிருந்த கன்னையா வாயைக் கொப்பளிக்காமலே ஓடிவந்தான். "இன்னொரு தரம் விடு." விட்டாள். "இன்னொரு தரம்." ஆணியால் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி விட்டான். டின் சீக்கிரமாக இறங்கியது. வீட்டிலிருந்த எல்லா டின்களும் வந்தன. ஒரே ஆணியால் இரண்டு டின்னில் துளை போட்டான். ஒன்றில் பிசிறை அராவி வழித்தான், மற்றதில் கிழிந்த ஓரத்தை அப்படியே விட்டான். இரண்டையும் ஒன்றாக விட்டார்கள். வழித்த டின் முதலில் மூழ்கியது.

இராஜம்மா இரண்டையும் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். "ஓட்டை ஒரே அளவுதான். ஓரம்தான் வேற" என்றாள்.

அடுப்பில் சோறு கருகும் வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானமே கன்னையா வேலையைத் தொடங்கினான். கிச்சாப் என்னும் சோயா ரசம் காய்ச்சும் சீனர் ஒருவரிடமிருந்து, ஆள் உயரப் பழைய மரத்தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி உருட்டிக்கொண்டு வந்தான். அதில் தண்ணீர் நிரப்பினான். ஒரு பக்கம் திறந்த எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து அதற்குள் விட்டு, கயிறு கட்டி, கூரை உத்தரத்தில் கப்பி போட்டான். டிரம்மின் மேல்வாயிலிருந்து லோரி டயரின் உள்டியூபை வெட்டி, ஹெட்டின் காற்றுவழிக்கு இழுத்துக் கட்டினான். வால்வை ஒரு போல்ட்டால் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தான். கயிற்றை இழுத்தால் டிரம் காற்றோடு மேலே வரும். விட்டால் தன் கனத்தில் இறங்கிக் காற்றை ஹெட்டுக்குள் தள்ளும். டிரம்மில் சுண்ணாம்பால் இரண்டு கோடு. மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை இறங்க எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் இறங்கினால் வழி நல்ல வழி.

விநாடி முள் உள்ள கடிகாரம் தெருவிலேயே ஒருவரிடம்தான் இருந்தது. யூனுஸ் ராவுத்தர் மாவுக் கையோடு வந்து நின்றார். ஜெயராஜ் கயிற்றை இழுத்து டிரம்மைத் தூக்கினான். இராஜம்மா தோல் துண்டு ஒன்றால் வால்வுப் பக்கத்தைப் பொத்திக்கொண்டதும் அவன் பிடியைத் தளர்த்தினான்.

"எடு!" என்றான் கன்னையா. இராஜம்மா கையை எடுத்தாள். கொட்டகை முழுக்க ஓர் ஊதல். டிரம் இறங்கியது.

"பதினேழு!" என்றார் ராவுத்தர்.

இரண்டாவது வழியும் பதினேழு. மூன்றாவது இருபது. நாலாவது பதினேழரை. நம்பாமல் மூன்று முறை திருப்பிச் செய்தார்கள். அதே எண்கள் வந்தன. இராஜம்மா கரித்துண்டால் சுவரில் எழுதினாள். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் தையலுக்கு அளவெடுத்து எண்கள் தெரியும்.

மூன்றாவது வழிக்குள் விரலை விட்டுத் தேடினான் கன்னையா. வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் இடத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், கடலை அளவில் ஒரு முண்டு. அதை மட்டும் எடுத்தான். மறுபடி விட்டார்கள். பதினேழு! அரை மணி நேர வேலை. ராவுத்தர் கடையிலிருந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார்.

அடுத்த நாள் இரண்டாவது வழியைப் பழையபடி கண்ணாடிபோல் மினுக்கிப் பார்த்தான். பதினேழுதான். ஒரு நாள் முழுக்க உழைத்த உழைப்புக்கு அரை விநாடிகூடக் கிடைக்கவில்லை. பிறகு, வெடித்துப்போன பழைய ஹெட்டை எடுத்து, அவன் அகலமாக அராவிய நாலாவது வழியைக் கட்டி விட்டான். எல்லாரும் பன்னிரண்டு வரும், பதிமூன்று வரும் என்று காத்திருந்தார்கள்.

"பதினெட்டரை" என்றார் ராவுத்தர். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கையே படாத ஹெட்டைவிட, பன்னிரண்டு நாள் அராவிய ஹெட்டு மோசம். கன்னையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்க ஆரம்பித்தான். என்னவென்று கேட்டதற்கு, "காத்தும் நானும் இத்தனை நாளா வேற வேற பாஷை பேசியிருக்கோம்" என்றான்.

எந்த இடத்தில் அராவியது தப்பு? வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாதே என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ராவுத்தரின் கையில் மாவு உருண்டை இருந்தது. பேச்சுவாக்கில் அதைப் பிசைந்துகொண்டே இருந்தார். கன்னையா அதை வாங்கி, பழைய ஹெட்டின் வழிக்குள் விட்டு, கூரைப்பக்கம் அப்பினான். பதினெட்டரை. வழித்தெடுத்துப் பக்கச்சுவரில் அப்பினான். பதினெட்டு. கீழே, வால்வுக்குள் மடங்கி இறங்கும் திருப்பத்தில், தான் வழித்துக் கூர்மையாக்கியிருந்த இடத்தில், மாவை முழங்கைபோல் உருண்டையாக அப்பினான்.

"பதினாறு!" ராவுத்தர் துள்ளினார். "அடைச்சா எப்படிடா காத்து அதிகமாப் போகும்?"

பதில் சொன்னவன் ஜெயராஜ். "அண்ணே, முனை கூரா இருந்தா பஸ்ஸை ஒட்டித் திருப்ப முடியாது, தள்ளிப் போய்த்தான் திருப்பணும். ரோடு எவ்வளவு அகலமா இருந்து என்ன, உள்பக்கம் சும்மாத்தான் கிடக்கும். முனையை உருட்டிவிட்டா ஒட்டினாப்ல திரும்பிடலாம்."

கன்னையா அவனை நிமிர்ந்து பார்த்தான். தோளில் ஒரு தட்டு தட்டினான்.

அதன் பிறகு கொட்டகையில் தினமும் திருவிழாதான். ரொட்டி தின்ன வந்தவர்கள் பின்பக்கம் வந்து டிரம் இறங்குவதை வேடிக்கை பார்த்தார்கள். கன்னையா கிச்சாப் காய்ச்சுகிறான் என்று ஒரு வதந்தி கிளம்பி, இரண்டு பேர் போத்தலோடு வந்தார்கள். ஒருநாள் கயிறு அறுந்து டிரம் தடாலென்று விழுந்தது. தொட்டித் தண்ணீர் முழுக்க ராவுத்தர்மேல். கைலியிலிருந்து நீர் சொட்ட நின்ற அவர், கடிகாரத்தை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். "ஒண்ணும் ஆகல! ஒண்ணும் ஆகல!" என்றார். எண்ணெய் டிரம்மைச் சொல்கிறாரா, கடிகாரத்தைச் சொல்கிறாரா என்று யாருக்கும் புரியவில்லை.

புது ஹெட்டில் கன்னையா இந்த முறை பயந்து பயந்து, ஆனால் தெரிந்து அராவினான். முதலில் மாவு, பிறகு டிரம், கடைசியில்தான் அரம். திருப்பத்தை உருட்டினான். வால்வுத் தண்டைச் சுற்றியிருந்த கட்டியை மீன் முதுகுபோல் ஒடுக்கினான். வால்வு உட்காரும் இடத்தின் கூர்விளிம்பை மழுக்கினான். மற்ற இடங்களை விட்டுவிட்டான். ஒவ்வொரு முறையும் இராஜம்மாவின் சுவரில் ஓர் எண் கூடியது. ஒருமுறை அவன் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று அரத்தைத் தூக்கியபோது அவள் தடுத்தாள்.

"போதும். இந்த மூணு தடவையும் பதினாலுதான். இனி எடுத்தா இரும்புதான் போகும், நேரம் போகாது."

அவன் அரத்தை வைத்தான். நாலு வழியும் பதினாலு. புகை வெளியேறும் வழிகளையும் அதேபோல் ஒழுங்கு செய்து ஹெட்டைப் பூட்டினான்.

சோதனை நாளன்று இருபது பேர் தேவை என்று சொல்லியிருந்தார்கள். காலையில் இருபத்தாறு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிக் கடை வாடிக்கையாளர்கள், கிச்சாப் சீனர், தைப்பூசத்தன்று தோள் கொடுத்த பெரியவர், அவர் சம்சாரம் மாரியாயி. முன்வரிசையில் இராஜம்மா. ஆறு பேர் இறங்க வேண்டும் என்று ஜெயராஜ் கெஞ்சினான். ஒருவரும் அசையவில்லை. "டிரம்முக்குத் தண்ணி தூக்கினது யாரு, நாங்கதானே?" என்றார் ஒருவர். இன்ஸ்பெக்டர் துரை தலைகளை எண்ணிப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

இறங்குமேட்டின் அடி வந்தது. ஜெயராஜ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கியரை மாற்றினான். எஞ்சின் சத்தம் தடித்தது, ஆனால் தடுமாறவில்லை. மெதுவாக, நிதானமாக, ஆரிஃபா ஏறியது. தைப்பூசத்தன்று நின்ற இடம் கடந்து போனது. கன்னையா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

முக்கால் ஏற்றத்தில், மேடு செங்குத்தாகும் இடத்தில், ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு மாட்டுக் கூட்டம் சாலைக்கு வந்தது. ஜெயராஜ் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது.

மாடுகள் அவசரப்படவில்லை. ஒரு கன்று நடுரோட்டில் நின்று ஆரிஃபாவின் விளக்கை நக்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறுவது ஒன்று, நின்ற இடத்திலிருந்து, அந்தச் சரிவில், இருபத்தாறு பேரோடு கிளம்புவது வேறு. யூனுஸ் ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஒருவர் பழக்க தோஷத்தில் எழுந்து கதவுப் பக்கம் போனார்.

"உக்காருங்க!" என்றாள் இராஜம்மா, திரும்பாமலே. அவர் உட்கார்ந்தார்.

கன்று ஒதுங்கியது. ஜெயராஜ் காலை மெல்ல எடுத்தான். வண்டி ஒரு சாண் பின்னால் போனது. பிறகு எஞ்சின் ஆழமாக ஒருமுறை மூச்சிழுத்தது. நடுக்கத்தோடு முன்சக்கரம் நகர்ந்தது. ஒரு முழம், ஒரு கஜம், ஒரு வண்டி நீளம். மேட்டின் உச்சி கண்ணுக்குத் தெரிந்தபோது முதலில் கூவியவர் கிச்சாப் சீனர். அதன் பிறகு யார் கூவினார்கள், யார் கூவவில்லை என்று சொல்ல முடியாது. ராவுத்தர் கன்னையாவைக் கட்டிப் பிடித்து, அவன் சட்டையெல்லாம் அத்தர் வாசனை ஆக்கிவிட்டார்.

உச்சியில் இறங்கிய துரை எஞ்சின் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியிலிருந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை, பழைய லோரி எஞ்சின்தான். என்ன செய்தாய் என்று மலாயில் கேட்டார். கன்னையாவுக்கு டிரம்மை, டின்னை, மாவை எல்லாம் மலாயில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "காத்துக்கு வழி விட்டேன், துவான்" என்றான். துரை காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமே, இறங்குமேட்டின் பெயர் சொல்லிக் கேலி செய்த பஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஹெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். கன்னையா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. இராஜம்மா தையலைக் குறைத்துக்கொண்டு டிரம் பக்கம் வந்துவிட்டாள். விநாடி பார்ப்பதும், எழுதுவதும், போதும் என்று சொல்வதும் அவள்தான். சுவர் நிரம்பியதும் வெள்ளையடிக்க மறுத்துவிட்டாள். நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னாள். வருகிறவர்கள் அவளிடம்தான் முதலில் கேட்பார்கள், "அக்கா, என்னோடது எத்தனை?" என்று. டிரம் அக்கா என்று பெயரே ஆகிவிட்டது. அவள் வைத்த விதி ஒன்று உண்டு. ஹெட்டுக்கு மாவு எடுக்கும் பாத்திரம் தனி, ரொட்டிக்கு எடுக்கும் பாத்திரம் தனி.

1937இல் கோலாலம்பூரிலிருந்து பாலன் என்ற வாலிபன் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஹெட்டு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஒரே சிலிண்டர், ஒரே வழி. பந்தயத்துக்காம். கன்னையாவுக்கு அது பொம்மைபோல் இருந்தது. நாலு நாள் ஆசையாக வேலை செய்தான். பந்தயம் பார்க்க வரவேண்டும் என்று பாலன் கட்டாயப்படுத்தினான். கன்னையாவும் இராஜம்மாவும் போனார்கள். இராஜம்மா கையில் ராவுத்தரிடம் இரவல் வாங்கிய கடிகாரம்.

பாலன் மூன்றாவதாக வந்தான். கன்னையாவுக்கு முதலாவதாக வந்ததுபோல்தான் இருந்தது. தொப்பியை வீசிக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. இராஜம்மா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி, "முதல்ல வந்தவன் வண்டி நேரோட்டத்துல வேகம் இல்ல. திருப்பத்துலதான் ஜெயிச்சான். நம்ம பையனுக்கு ஓட்டத்தான் இன்னும் வரணும்" என்றாள்.

அன்று மாலை வெயிலில், ராவுத்தரின் இரண்டாவது பஸ்ஸில் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். பாதி வழிக்குள் கன்னையா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவள் மடியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வரப்போகிற ஹெட்டுகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.